மேடா? பள்ளமா?

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாக்கு. இதன் உண்மையை எனக்கு உணர்த்தியது சந்திரனின் புகைப்படம் ஒன்று.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சியில், விண்கலத்திலிருந்து எடுக்கப்பட்ட சந்திரனின் தரைப்படம் ஒன்றை மேசைமேல் விரித்து வைத்திருந்தோம். "இவை சந்திரனில் உள்ள குன்றுகள்" என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிக் கொண்டிருந்தேன். மேசைக்கு எதிர்ப்புறம் நின்ற மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "அக்கா, எல்லாம் குழியாகத்தானே இருக்கிறது?" என்றாள். "நன்றாகப் பார்" என்று சற்றுக் கோபமாகவே சொன்னேன். அவளும் விடவில்லை. எங்கள் வாக்குவாதத்தைக் கேட்டு வந்த சிஸ்டர், ஒன்றும் பேசாமல் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். என்ன வியப்பு! என் குன்றுகள் அத்தனையும் குழிகளாகிவிட்டன. அவளுடைய குழிகளோ குன்றுகளாகிவிட்டன! "இப்போது சொல்லுங்கள், யார் கண் சரி?" என்றார் சிஸ்டர். இருவரும் விழித்தோம்.

இந்த மாயத் தோற்றத்திற்குக் காரணம் என்ன? வெளிச்சம் மேலிருந்து வரும்போது ஒரு மேட்டின் மேற்பகுதி ஒளிர்கிறது, கீழ்ப்பகுதி இருண்டிருக்கிறது. குழியிலோ மேல்விளிம்பு இருண்டு, கீழ்ச்சுவர் ஒளிர்கிறது. பூமியில் நமக்கு ஒளி தருவது வானத்திலுள்ள சூரியன். ஆகவே எந்தப் படத்தைப் பார்த்தாலும், ஒளி மேலிருந்தே வருகிறது என்று நம் மூளை தானாகவே எண்ணிக்கொள்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன் இதனை ஆராய்ந்து 1988ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். மூளைக்கு 'மேல்' என்பது வானம் இருக்கும் பக்கம் அல்ல, நம் தலை இருக்கும் பக்கம்தான் என்பது அவர் காட்டிய சுவையான உண்மை.

தோழியரே, இதை நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். காலியான இட்டிலித் தட்டை ஜன்னல் அருகே வைத்து, நேர் மேலிருந்து புகைப்படம் எடுங்கள். ஜன்னல் இருந்த பக்கம் கீழே வருமாறு படத்தைத் திருப்பிப் பாருங்கள். குழிகள், வெந்த இட்டிலிகளைப் போல் உப்பித் தெரியும்!

நம் பூமியின் படங்களும் இதற்கு விலக்கல்ல. இமயமலைக்குச் சூரியன் தென்புறமாகவே இருக்கும். படங்களிலோ வடக்கு மேலே இருக்கும்; எனவே ஒளி கீழிருந்து வருகிறது. அதனால் செயற்கைக்கோள் படங்களில் பள்ளத்தாக்குகள் முகடுகளாகத் தோன்றி, ஆறுகள் மலையுச்சியின்மேல் ஓடுவது போலத் தெரிவதுண்டு.

நிழல் இன்னொரு விந்தையும் செய்யும். 1976 ஜூலை 25 அன்று வைக்கிங் 1 விண்கலம், 1,873 கிலோமீட்டர் உயரத்திலிருந்து செவ்வாய்க் கிரகத்தின் சைடோனியா பகுதியைப் படம் எடுத்தது. அதில் கண், மூக்கு, வாயுடன் ஒரு மனித முகம் தெரிந்தது! தாழ்ந்திருந்த சூரியனின் நிழலே அது என்று விஞ்ஞானிகள் விளக்கினர். ஆயினும் செவ்வாயில் அறிவுள்ள உயிர்கள் செதுக்கிய சிலை என்றே பலர் நம்பினர். 1998இலும் 2001இலும் மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் மிகத் தெளிவான படங்களை எடுத்தது. முகம் மறைந்தது, வெறும் குன்றுதான் இருந்தது.

இவையெல்லாம் வெறும் வேடிக்கை அல்ல. தரையில் இறங்கும் விண்கலத்திற்கு மேடும் பள்ளமும் உயிர்ப் பிரச்சினை. ஆகவே விஞ்ஞானிகள் ஒரே படத்தை நம்புவதில்லை. சூரியன் எத்திசையில், எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று முதலில் பார்க்கிறார்கள். ஒரே இடத்தைப் பல கோணங்களில் படமெடுத்து ஒப்பிடுகிறார்கள். 2008இல் நம் நாடு அனுப்பிய சந்திரயான் 1இன் ஒரு காமிரா, முன்புறம், நேர் கீழ், பின்புறம் என மூன்று கோணங்களில் சந்திரனின் தரையைப் படம் பிடித்தது. நம் இரு கண்கள் சேர்ந்து ஆழத்தை அறிவது போல, அப்படங்களைச் சேர்த்து மேடு பள்ளங்களின் உயரத்தைக் கணக்கிட முடிந்தது.

எங்கள் வாக்குவாதம் எப்படி முடிந்தது என்று கேட்கிறீர்களா? படத்தின் ஓரத்தில் ஒரு சிறு அம்புக்குறி, சூரிய ஒளி வந்த திசையைக் காட்டிக்கொண்டிருந்தது. சிஸ்டர் சுட்டிக் காட்டும் வரை நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஒளி, முதலில் நான் நின்ற பக்கமிருந்து வந்திருந்தது. ஆகவே அவை குழிகளே. சிறுமி சொன்னதே சரி! அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மாலைவரை வந்தவர்களுக்கெல்லாம் அவளையே விளக்கச் சொன்னேன்.

என் கண்ணில் குறை எதுவும் இல்லை. ஒளி எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்காததே குறை. இப்போதெல்லாம் யாரோடும் வாதாடத் தொடங்கும் முன், அவர் நிற்கும் பக்கமாகவும் ஒருமுறை போய் நின்று பார்க்கிறேன்.