விழுந்து எழுந்த கார்கள், விழுந்து கிடக்கும் கார்கள்

என்ஸோ ஃபெராரி 1988 ஆகஸ்ட் 14 அன்று, தம் 90ஆவது வயதில் மறைந்தார். அதற்கு முந்தைய அக்டோபரில் உலகப் பங்குச் சந்தைகள் ஒரே நாளில் சரிந்திருந்தன. பங்கைக் கண்டு பயந்த பணம் ஓவியம், பழைய கார் என்று கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள்களைத் தேடி அலைந்துகொண்டிருந்தது. அந்தப் பெரியவரின் பார்வைபட்ட கார் இனி வரவே வராது என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ள, ஃபெராரிகளின் கைமாற்று விலை தலைதெறிக்க ஏறியது.

பிரிட்டனில் இந்த ஏற்றத்துக்குச் சட்டமும் துணை நின்றது. அங்கே சொந்தக் காரை லாபத்துக்கு விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. கார் என்பது தேய்ந்து மதிப்பிழக்கும் பொருள், அதில் யாருக்கு லாபம் வரப்போகிறது என்று எழுதப்பட்ட விதி அது. லாபம் வரத் தொடங்கியதும் அதே விதி பணக்காரர்களுக்குத் திறந்த கதவாயிற்று. குடியிருக்காத இரண்டாவது வீட்டை விற்றால் வரி, பங்கை விற்றால் வரி, ஃபெராரியை விற்றால் வரி இல்லை.

1987இல் வந்த எஃப்40, என்ஸோ உயிரோடு இருந்தபோது வெளியான கடைசிப் புது ஃபெராரி. உள்ளே கம்பளம் கிடையாது, ரேடியோ கிடையாது. 2.9 லிட்டர் வி8 எஞ்சின், இரண்டு டர்போ, மணிக்கு 324 கிலோமீட்டர். ஓட்டுவதற்கென்றே செய்த காரை ஓட்டாமல் போர்வை போர்த்தி நிறுத்தியவர்கள்தான் அப்போது லாபம் பார்த்தார்கள். பட்டியல் விலையைப் போல் பல மடங்கு கொடுத்து வாங்க ஆள் இருந்தது. டெலிவரி எடுக்கும் முன்பே, முன்பதிவுச் சீட்டே கைமாறியது.

இந்த வெறியை முழுதாகக் காட்டும் கார் ஜாகுவார் எக்ஸ்ஜே220. 1988 அக்டோபரில் பர்மிங்ஹாம் கார் கண்காட்சியில் மாதிரி வண்டியாக நின்றபோது வி12 எஞ்சின், நான்கு சக்கர இயக்கம் என்று அறிவிப்பு. 1989 இறுதியில் 50,000 பவுண்டு முன்பணம் கேட்டார்கள். வரிக்கு முந்தைய விலை 2,90,000 பவுண்டு. அதிகபட்சம் 350 கார்தான் செய்வோம் என்று சொல்லியும், அதைவிட மிக அதிகமானோர் காசோலையோடு வரிசையில் நின்றார்கள். அவர்களில் பலர் அந்தக் காரில் ஒரு மைல்கூட ஓட்டும் எண்ணம் இல்லாதவர்கள்.

பிறகு வட்டி பேசத் தொடங்கியது. 1988 மே மாதம் பிரிட்டனின் அடிப்படை வட்டி 7.5 சதவீதம். 1989 அக்டோபரில் 15 சதவீதம். ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் உச்சம் தொட்டு, புத்தாண்டில் சரியத் தொடங்கியது. கடன் வாங்கிக் கார் வாங்கியவர்கள் ஒரே நேரத்தில் விற்க வந்தார்கள். வாங்க யாரும் வரவில்லை. எக்ஸ்ஜே220 1992இல் தயாரானபோது வி12 போய் வி6 வந்திருந்தது, நான்கு சக்கர இயக்கம் போயிருந்தது, பணவீக்கத்தோடு பிணைக்கப்பட்ட விலையோ 4,00,000 பவுண்டைத் தாண்டியிருந்தது. முன்பதிவு செய்தவர்களில் பலர் கார் வேண்டாம் என்றார்கள், வழக்கு நீதிமன்றம் வரை போனது. உற்பத்தி 280 சொச்சத்தில் நின்றது. அந்தக் காலத்தின் மிக வேகமான சாலைக் கார்களில் ஒன்று, ஆளில்லாமல் கிடங்கில் காத்துக் கிடந்தது.

எஃப்40 பட்டியல் விலையளவுக்கே இறங்கியது. 1962க்கும் 1964க்கும் இடையில் வெறும் 36 மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜிடிஓ, 1990 வாக்கில் 1 கோடி டாலருக்கு மேல் போனது. 1990களின் நடுவில் அது 30 லட்சம் டாலர் அளவில் வந்து நின்றது. மெக்லாரன் எஃப்1 இந்தச் சரிவுக்கு நடுவில் பிறந்த கார். 300 செய்ய நினைத்தவர்கள், பந்தயக் கார்களையும் சேர்த்து 106 மட்டுமே செய்து கடையை மூடினார்கள்.

அந்தச் சரிவால் காயப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அதை வெறும் அழிவு என்று என்னால் பார்க்க முடியவில்லை. விலை விழுந்ததும் ஊக வணிகர்கள் போனார்கள், ஓட்டுகிறவர்கள் வந்தார்கள். கனவிலும் எட்டாத ஃபெராரி 328, போர்ஷே 911 கரேரா போன்றவை ஒரு மருத்துவரோ ஒரு பட்டறை முதலாளியோ வாங்கக்கூடிய விலைக்கு வந்தன. போர்வைகள் விலகின. வாரக் கடைசியில் மலைப்பாதையில் ஏறின, பந்தயத் தடத்தில் சுற்றின, எண்ணெய் சிந்தின. கார் எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை அது செய்தது.

ஒரு கசப்பும் உடன் வந்தது. காரின் விலை இறங்கினாலும் அதன் உதிரிப் பாகங்களின் விலை இறங்குவதில்லை. ஃபெராரி டெஸ்டரோசாவில் டைமிங் பெல்ட் மாற்ற எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும். மலிவாக வாங்கியவர்களில் சிலர் அந்தச் செலவைத் தள்ளிப்போட்டார்கள், கார் சீரழிந்தது. ஆனாலும் அந்தச் சீரழிவு மெக்கானிக்கால் சரிசெய்யக் கூடியது. பெல்ட், வால்வு, கார்புரேட்டர், அலுமினியத் தகடு எல்லாமே தெரிந்த கைகளுக்குக் கட்டுப்பட்டவை. போர்ஷே 959 கார்களில் கிளட்ச் லீவர் கிடைக்காமல் போனபோது, போர்ஷேயின் தொன்மைக் கார் பிரிவு அந்தப் பாகத்தை முப்பரிமாண அச்சில் எஃகிலேயே செய்து கொடுத்தது. அதனால்தான் அந்தத் தலைமுறை விழுந்தும் எழுந்தது. 250 ஜிடிஓ ஒன்று 2018இல் கலிஃபோர்னியா ஏலத்தில் 4.84 கோடி டாலருக்குப் போனது. விற்க முடியாமல் திணறிய மெக்லாரன் எஃப்1 ஒன்று 2021இல் 2 கோடி டாலரைத் தாண்டியது.

ஸ்போர்ட்ஸ் கார்களின் மறுவிற்பனை விலையில் இன்று காணும் சரிவும் ஏறத்தாழ அதே மாதிரிதான் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் சிப் தட்டுப்பாட்டால் புதுக் கார் வரத்து சுருங்கியது. பிரிட்டனில் அடிப்படை வட்டி 0.1 சதவீதம். வீட்டில் அடைந்து கிடந்தவர்களின் கையில் பணமும் மனத்தில் ஆசையும் சேர்ந்திருந்தன. ஓடிய ஸ்போர்ட்ஸ் கார், புதுக் காரைவிட அதிக விலைக்கு விற்றது. சரிவின் முதல் காரணம் வட்டி. 2021 டிசம்பரில் அது ஏறத் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5.25 சதவீதத்தை எட்டியது. 1989இன் 15 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது சிறிது. ஆனால் இன்று பெரும்பாலோர் காரை முழுப் பணம் கொடுத்து வாங்குவதில்லை. மூன்று நான்கு வருடம் கழித்துக் கார் என்ன விலை போகும் என்று முன்கூட்டியே கணித்து, இடைப்பட்ட தேய்மானத்தை மட்டும் மாதத் தவணையாகக் கட்டுகிறார்கள். மறுவிற்பனை விலை குறையும் என்று நிதி நிறுவனம் நினைத்தாலே தவணை ஏறுகிறது. தவணை ஏறினால் வாங்குபவர் குறைகிறார், விலை இன்னும் இறங்குகிறது.

இரண்டாவது காரணம், கம்பெனிகளே உண்டாக்கியது. 2016இல் போர்ஷே 911 ஆர் காரை 991 மட்டுமே செய்தது. கையால் கியர் மாற்றும் கார் என்பதால் பட்டியல் விலையைப் போல் பல மடங்கு கேட்டார்கள். அடுத்த ஆண்டே ஜிடி3 காரில் அதே வகைக் கியர் கிடைத்ததும் அந்த விலை நொறுங்கியது. ஆர் வாங்கிப் பூட்டி வைத்தவர்களைத் தவிர யாருக்கும் இதில் நஷ்டமில்லை. மெக்லாரனின் கதை வேறு. 2011இல் 1,68,500 பவுண்டுக்கு வந்த எம்பி4-12சி காரை வாங்கியவர், 2014இல் அதைத் தூக்கியடிக்கும் 650எஸ் வருவதைப் பார்த்தார். 2015இல் 570எஸ், 2017இல் 720எஸ். ஒவ்வொரு அறிமுக விழாவும் பழைய உரிமையாளரின் பணத்தைக் கொஞ்சம் கரைத்தது.

மூன்றாவது காரணம்தான் என்னை உண்மையில் கவலைப்பட வைக்கிறது. 2019இல் வந்த போர்ஷே டைகான், மின்சார ஸ்போர்ட்ஸ் கார் என்றால் என்ன என்று உலகுக்குக் காட்டிய அருமையான கார். அதன் அன்றைய உச்ச ரகமான டர்போ எஸ், பிரிட்டனில் அப்போது சுமார் 1,39,000 பவுண்டு. கம்பெனிக் காராக மின்சார வண்டி எடுத்தால் ஊழியருக்கு வரி மிகக் குறைவு என்பதால், அங்கே நிறையப் பேர் டைகானைக் குத்தகையில் எடுத்தார்கள். குத்தகை முடிந்து அவை திரும்பியபோது வரிச் சலுகையை விட்டுவிட்டு, சொந்தக் காசு போட்டு வாங்க ஆள் குறைவு. ஆரம்ப கால டைகான்கள் மூன்று நான்கு வருடத்தில் முதல் விலையின் பாதிக்கும் கீழே இறங்கின. 2024இல் புது டைகான் பெரிய பாட்டரி, கூடுதல் தூரம், வேகமான சார்ஜிங் என்று வந்ததும் பழையது மேலும் பழசாயிற்று. அதே ஆண்டில் புது டைகானின் உலக விற்பனையும் 49 சதவீதம் குறைந்து 20,836இல் நின்றது.

நகையை விற்றால் சேதாரம் போகும், ஆனால் தங்கம் மிஞ்சும். பழைய ஃபெராரியில் அப்படி மிஞ்சியது அதன் எஞ்சினும் அதைச் சரிசெய்யத் தெரிந்த கைகளும். மின்சாரக் காரில் மிஞ்சுவது எது என்று வாங்குபவருக்குத் தெரியவில்லை. பாட்டரிக்கு 8 வருட உத்தரவாதம் உண்டு. ஒன்பதாம் வருடம் அது போனால் புதுசு கிடைக்குமா, என்ன விலை, அதைக் காரோடு இணைக்கும் மென்பொருளைக் கம்பெனி அப்போதும் தருமா? அந்தப் பயத்தின் விலைதான் இன்று டீலர் பலகையில் கழிகிறது.

சந்தை இதை இன்னொரு பக்கத்திலிருந்தும் சொல்கிறது. ஃபெராரி எஃப்430 2004இல் வந்தபோது ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் கியர் மாற்றும் வசதிக்குக் கூடுதல் பணம் கட்ட வேண்டும், பெரும்பாலோர் கட்டினார்கள். இன்று அதே எஃப்430 கார்களில் கையால் கியர் மாற்றும் மூன்று பெடல் கார், விரல் கியர் உள்ளதைவிட மிக அதிக விலைக்குப் போகிறது. பழைய நினைவின் ஏக்கம் அதில் இருக்கலாம். பழுதானால் யாராவது சரிசெய்வார்கள் என்ற நம்பிக்கையும் அந்த விலையில் இருக்கிறது.

ஆகவே விலை இறங்குவதை நான் பழிக்கவில்லை. பாதி விலைக்கு டைகான் வாங்கித் தினமும் ஓட்டுகிற ஒருவர், 1990களில் ஃபெராரி வாங்கி மலையேறியவரின் வாரிசு. அவருக்குக் கிடைக்காதது, அந்த ஃபெராரிக்காரருக்குக் கிடைத்த நீண்ட ஆயுள். அதைக் கொடுக்கக் கம்பெனிகளால் முடியும். 2024இல் ஃபெராரி தன் ஹைப்ரிட் கார்களுக்கு ஒரு நீட்டித்த உத்தரவாதத் திட்டம் கொண்டுவந்தது. அதில் சேர்ந்தவர்களுக்கு 8ஆம் ஆண்டிலும் 16ஆம் ஆண்டிலும் உயர்மின்னழுத்த பாட்டரியை மாற்றித் தருகிறார்கள். மறுவிற்பனை விலை பாட்டரியின் ஆயுளைப் பொறுத்தது என்று தயாரிப்பாளரே ஒப்புக்கொண்டதன் அடையாளம் இது. ஐரோப்பிய ஒன்றியமும் 2027 பிப்ரவரி முதல் மின்சார வாகன பாட்டரி ஒவ்வொன்றுக்கும் டிஜிட்டல் அடையாள ஆவணத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இரண்டாம் கையாக வாங்குபவர் குருட்டு நம்பிக்கையில் வாங்க வேண்டிய நிலை அதனால் கொஞ்சமாவது மாறும்.

இப்படிப்பட்ட பாட்டரி உத்தரவாதம் வருடச் சந்தா கட்டும் பெரும் பணக்காரர்களோடு நின்றுவிடக் கூடாது. ஸ்போர்ட்ஸ் கார் செய்யும் ஒவ்வொரு கம்பெனியும் இந்தக் காருக்கு இத்தனை ஆண்டு பாட்டரி கிடைக்கும், மென்பொருள் கிடைக்கும், வெளிப் பட்டறைக்கும் பழுதுபார்க்கும் கருவி தருவோம் என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதித் தரட்டும். விலையைத் தூக்கி நிறுத்த எண்ணிக்கையைக் குறைப்பதும் முன்பதிவில் கெடுபிடி காட்டுவதும் 1989இலேயே தோற்றுப்போன வழிகள். முப்பது ஆண்டு கழித்தும் சரிசெய்யக்கூடிய காருக்கு, இன்று என்ன விலை விழுந்தாலும் நாளைக்கு ஒரு ஓட்டுநர் நிச்சயம் கிடைப்பார்.