எது இரகசியம்?

மருத்துவரிடம் நாம் சொல்லும் நோயின் விவரம் நம் அனுமதியின்றி வெளியே போகக்கூடாது. இதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால், மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவமனையின் நிர்வாகக் குழு என்ன பேசுகிறது, அங்கே விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்பதும் இரகசியமா?

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு அரசு மருத்துவமனை நமக்கு ஒரு பாடம். 2006-ல் அங்கே சிக்கனத்திற்காகப் பணியிடங்கள் குறைக்கப்பட்டன. கவனிக்க ஆளின்றி நோயாளிகள் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமலும், அழுக்கான படுக்கையிலும் தவித்தனர். நிர்வாகக் குழுவோ மூடிய கதவுக்குள் கூடி, நிதிநிலையிலும் இலக்குகளிலுமே கருத்தாய் இருந்தது. உறவினர்களின் விடாமுயற்சியாலும், 2009-ல் வெளியான ஆய்வறிக்கையாலும் உண்மை வெளிப்பட்டது. ராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணை 2013-ல் 290 பரிந்துரைகளை அளித்தது.

இதற்கிடையே, இத்தகைய மருத்துவமனைகளின் இயக்குநர் குழுக் கூட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கும்படி 2012-ஆம் ஆண்டுச் சட்டம் பணித்தது. சிறப்புக் காரணம் இருந்தால் மட்டுமே கதவை மூடலாம். சிகிச்சையில் பெருந்தீங்கு நேர்ந்தால் அதை நோயாளியிடமோ குடும்பத்தாரிடமோ ஒளிக்காமல் சொல்வதும் 2014 முதல் சட்டக் கடமையாயிற்று.

நோயாளியின் பெயரும் நோயும் மறைக்கப்படட்டும். அது அவருக்கு நாம் தரும் மதிப்பு. ஆனால் குறைகளைப் பதிவு செய்த ஏடுகளையும் மறைத்தால், அடுத்து அதே படுக்கைக்கு வரும் நோயாளியை யார் காப்பாற்றுவார்? சிந்திப்போம்.