பிரசவத்தில் வென்றது, பிரஷரில் திணறுகிறது

புதன்கிழமை காலை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் குழந்தைகளின் அழுகுரல்தான் முதலில் கேட்கும். அன்று தடுப்பூசி நாள். அந்தத் தாய்மார்கள் அடுத்த தவணைக்கும் தேதி பார்த்து வந்துவிடுவார்கள். பக்கத்து வரிசையில் ஓ.பி. சீட்டோடு சுகர், பிரஷர் மாத்திரைக்காக நிற்கும் பெரியவர்களைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. சுகாதாரத் துறைக்கு இன்று பெரிய தலைவலி இந்த இரண்டாவது வரிசைதான்.

1946-ல் வந்த போர் (Bhore) குழு அறிக்கையில் முளைத்து, 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஊர்களுக்கு வந்தவை இந்த நிலையங்கள். சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. கணக்கு சரிதான். கட்டடம் இருந்தும் ஆளோ மருந்தோ இல்லாவிட்டால் மக்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

இரவிலும் திறந்த கதவு

தமிழ்நாட்டில் அந்த நிலையை மாற்றியது ஆடம்பரமான எந்திரம் எதுவும் இல்லை. நிலையத்துக்கு மூன்று செவிலியரை நியமித்து, முறை வைத்து இரவிலும் ஒருவரை இருக்கச் செய்ததுதான். பிரசவ வலி நேரம் பார்த்தா வருகிறது? நள்ளிரவில் போனாலும் நர்சம்மா இருப்பார் என்ற தைரியம் வந்ததும் கூட்டமும் வந்தது. பிரசவ அறையில் துணைக்கு ஓர் உறவுப் பெண்ணை அனுமதித்தார்கள். கர்ப்பிணிகளுக்கு அங்கேயே வளைகாப்பும் நடத்தினார்கள்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்தான் இழுத்துவந்தது என்பாரும் உண்டு. இருக்கலாம். ஆனால் கதவு பூட்டியிருந்தால் பணமா வந்து பிரசவம் பார்க்கும்?

தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன என்றது 5-வது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. 2018-20 கணக்குப்படி உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு நாட்டில் 97 தாய்மார்கள் இறந்தபோது, இங்கே அந்த எண்ணிக்கை 54.

‘கவர்மென்ட் மாத்திரை கேட்காது’

ஊரில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. அரசு மாத்திரை வரும் வழி தெரிந்தால் இப்படிச் சொல்லத் தோன்றாது. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலத்துக்கே மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது. வந்த சரக்கின் மாதிரி ஆய்வகத்துக்குப் போய்த் தேறினால்தான் மாவட்டக் கிடங்கிலிருந்து வெளியே வரும். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. வங்கிக் கணக்கில் பணம் எடுப்பதுபோல அதில் உள்ள ஒதுக்கீட்டுக்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம். அட்டையில் ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பது கடையில் காசு கொடுத்து வாங்கும் அதே மெட்ஃபார்மின், அதே அம்லோடிபின்தான்.

வலிக்காத நோய்

பிறகு ஏன் திணறல்? 2020-ல் மாநிலம் முழுக்க நடந்த ஆய்வில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம், 17.6 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அதைவிட உறுத்துவது இது: ரத்த அழுத்தம் உள்ள நூறு பேரில் அது கட்டுக்குள் இருந்தது ஏறத்தாழ ஏழு பேருக்குத்தான்.

பிரசவம் வலித்து அழைத்துவரும். பிரஷர் வலிக்காது. தலைசுற்றல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். நிலையத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்பது காட்டு வேலைக்குப் போகிறவரின் நியாயமான கவலை. அவரைச் சோம்பேறி என்று திட்டிப் பயனில்லை. இதைப் புரிந்துகொண்டுதான் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவருக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருது 2024-ல் வந்தது. ஆனாலும் மாத்திரை வீட்டுக்கு வந்தால் போதாது, அளவு குறைந்திருக்கிறதா என்று மாதாமாதம் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குக் காட்டிய கண்டிப்பு இதில் இன்னும் வரவில்லை.

எங்கே போவது?

சுகர், பிரஷருக்கு மட்டுமல்ல, அவசரத்துக்கும் இந்த நிலையங்கள் உதவும். நாய் கடித்தால் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நெஞ்சுவலிக்கு முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023 முதல் இருக்கிறது. முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை துவண்டாலோ காத்திருக்காமல் 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

முப்பது வயதைத் தாண்டியவர்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று தோன்றினாலும் வருடத்துக்கு ஒருமுறை போய் சுகரும் பிரஷரும் பார்த்துக்கொள்ளுங்கள். போகும்போது பழைய சீட்டையும் சாப்பிடும் மாத்திரை அட்டையையும் மறக்காமல் கையில் எடுத்துப் போங்கள்.