அரை நிமிடம் பிந்தி வரும் காட்சி

தொலைக்காட்சிப் பெட்டி வாங்காத வீடுகளையும் இன்று நாம் காண்கிறோம். பிள்ளையின் படிப்புக்கென வாங்கிய கணினியே அங்கு மாலையில் செய்தி சொல்கிறது. கிரிக்கெட் ஆட்டத்தைக் காட்டுகிறது. ஆவணி மாதத்தில் நல்லூர்த் தேரையும் வீட்டுக்கு அழைத்து வருகிறது. "இது படிக்க வாங்கிய பெட்டியா, படம் பார்க்க வாங்கிய பெட்டியா?" என்று பெற்றோர் கடிந்துகொள்வதும் உண்டு. அக்கேள்விக்கு விடை காணுமுன், அத்திரைக்கு நேரடிக் காட்சி எவ்வாறு வந்து சேர்கிறது என்பதை அறிந்துகொள்ளுதல் நலம்.

கண்ணாடி ஒன்றே

தொலைக்காட்சியின் திரைக்கும் கணினியின் திரைக்கும் இன்று பெரிய வேறுபாடு இல்லை. இரண்டிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறப் புள்ளிகளே ஒளிர்ந்து உருவங்களை ஆக்குகின்றன. தொலைக்காட்சிப் பெட்டியில் மேலதிகமாக இருப்பது, வானலைகளுள் வேண்டிய அலைவரிசையைத் தெரிந்தெடுக்கும் உறுப்பேயாம். அவ்வுறுப்பைச் சிறு அட்டையாக வாங்கிக் கணினியிற் பொருத்தி, அன்ரனா வயரை அதில் மாட்டிப் படம் பார்த்தவர்கள் 1990களிலேயே இருந்தனர். இன்றோ அட்டையும் வேண்டியதில்லை, அன்ரனாவும் வேண்டியதில்லை. இணையமே காட்சியைக் கொண்டு வருகிறது.

அலையின் வேகம்

ஜோன் லோகி பெயார்ட் என்பார் 1926 ஜனவரி 26 இல் இலண்டன் மாநகரில் ரெலிவிஷனை அறிஞர்களுக்குக் காட்டினார். 1936 நவம்பர் 2 இல் அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து பி.பி.சி. தன் ஒழுங்கான ஒளிபரப்பைத் தொடங்கியது. இலங்கையில் 1979 இல் கொழும்பை அண்டிய பகுதிக்கு ஒளிபரப்பு வந்தது; 1982 இல் ரூபவாகினி தோன்றியது. வடபகுதியிலே உயர்ந்த கம்பங்களில் அன்ரனாவைக் கட்டி, அதனை இந்தியாவின் பக்கம் திருப்பித் தூரதர்ஷன் பார்த்த காலத்தை மூத்தோர் மறந்திரார்.

வானலை விநாடிக்கு ஏறக்குறைய 300,000 கிலோமீற்றர் செல்வது. ஆதலால், கமெராவின் முன் நிகழ்ந்தது அக்காலத்தில் பார்ப்போர் கண்முன் அக்கணமே தோன்றியது. 'நேரடி' என்னும் சொல் அன்று தன் முழுப் பொருளோடு விளங்கிற்று.

துண்டு துண்டாக வரும் படம்

இணையத்தின் வழி வேறு. அங்கே ஓடும் படம் சில விநாடிகள் அளவான துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் சுருக்கப்பட்டுப் பெருங் கணினிகளில் வைக்கப்படுகிறது. நம் வீட்டுக் கணினி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு வாங்குகிறது. வாங்கியவுடனே காட்டிவிடுவதுமில்லை, சில துண்டுகளைச் சேமித்துக்கொண்ட பின்னரே காட்டத் தொடங்குகிறது.

வீட்டுக்கு மேலே தண்ணீர்த் தாங்கி வைப்பது எதற்காக? கிணற்று மோட்டர் சற்று நின்றாலும் குழாயில் நீர் அறாதிருப்பதற்காக. இச்சேமிப்பும் அத்தகையதே. இணையம் இடையிலே தளர்ந்தாலும் படம் நில்லாது ஓடுகிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை காலமாகும். வெட்டுதல், சுருக்குதல், சேமித்தல் எல்லாம் சேர்ந்து அரை நிமிடமளவு தாமதத்தை உண்டாக்குவது வழக்கம். அன்ரனா வைத்திருக்கும் அயல்வீட்டில் "சிக்ஸர்!" என்ற ஆரவாரம் எழும், நம் திரையிலோ பந்துவீச்சாளர் அப்பொழுதுதான் ஓடத் தொடங்குவார்.

நிலவினும் தொலைவோ?

2023 ஓகஸ்ட் 23 ஆம் நாள் மாலை 6.04 மணியளவில், சந்திரயான்-3 இன் இறங்குகலம் நிலவின் தென்துருவத்தை அண்டிய பகுதியிலே இறங்கியது. அத்திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த தமிழரான ப. வீரமுத்துவேல். இஸ்ரோவின் யூரியூப் ஒளிபரப்பை ஒரே வேளையில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டுகொண்டிருந்தனர். நிலவு ஏறக்குறைய 384,000 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. அங்கிருந்து வானலை பூமியை அடைய ஒன்றேகால் விநாடிக்குச் சற்று மேலே போதும். பெங்களூரிலிருந்து நம் மேசைக்கு அக்காட்சி வந்து சேரவோ அதனிலும் பன்மடங்கு நேரம் சென்றிருக்கும்!

குறை எங்கே?

எனின், இத்தாமதம் பெருங்குறையா? அன்று என்போம். ஊரிலே தாயார் காலமாக, வர வழியின்றித் தொறன்ரோவிலோ பாரிசிலோ கணினியின் முன் அமர்ந்து ஈமக்கிரியையைப் பார்க்கும் மகனை எண்ணிப் பாருங்கள். காட்சி அரை நிமிடம் பிந்தியது என்று அவன் முறையிடான். அழும்போது தோளைத் தொட அருகில் ஒருவரும் இல்லையே என்பதுதான் அவன் துயரம். எப்பொழுது பார்க்கிறோம் என்பதைக் காட்டிலும் யாரோடு பார்க்கிறோம் என்பதே பெரிது.

அந்தத் துணை எளிதிற் கிடைக்கும் நம் வீடுகளில் நாம் செய்வது யாது? விறாந்தையில் தந்தையார் கணினியின் முன்னும், அறையில் மகன் கைப்பேசியோடும், மகள் மடிக்கணினியோடும் ஒரே ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு கருவியும் தனித்தனியே துண்டுகளைச் சேமிப்பதால், மூன்றிலும் காட்சி ஒரே கணத்தில் வருவதில்லை. தம்பி கூவுகிறான், "பொறு, சொல்லாதே!" என்று தமக்கை சீறுகிறாள். ஒரு கூரையின் கீழ் மூன்று காலங்கள்! தனித்திரை இல்லாத அம்மம்மா எவருடைய ஆரவாரத்தோடு மகிழ்வது?

இதற்குப் பரிகாரம் எளிது. ஆட்ட நாளிலோ விழா நாளிலோ கணினித் திரையைப் படிப்பு மேசையிலிருந்து எடுத்து, யாவரும் அமரக்கூடிய இடத்தில் வையுங்கள். கணினித் திரைகள் பலவற்றில் ஒலிபெருக்கி இராது. ஒன்றைத் தனியே இணைத்தால் பின்னால் இருப்போருக்கும் கேட்கும். பணமும் மிஞ்சும். தெளிவு மிக்க படத்தை ஒரு மணி நேரம் பார்க்க 3 ஜிகாபைற்றளவு டேற்றா செல்லக்கூடும். சாதாரணப் படத்துக்கு ஏறக்குறைய 1 போதும். மூன்று திரைகளிற் பார்த்தால் செலவும் மும்மடங்கு.

மாணவர்கள் ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம். வானொலியில் நேர்முக வருணனை செல்லும் ஆட்டத்தையே திரையிலும் வைத்து, ஒரு விக்கெற் விழுவது செவிக்கும் கண்ணுக்கும் எத்தனை விநாடி இடைவெளியில் எட்டுகிறது எனக் கடிகாரத்தைக் கொண்டு குறித்துக்கொள்க. பாடநூலில் இல்லாத பௌதிகம் அதிலே விளங்கும்.

ஆட்டம் முடிந்ததும் திரை படிப்பு மேசைக்குத் திரும்பட்டும். படிக்க வாங்கிய பெட்டியா, பார்க்க வாங்கிய பெட்டியா என்ற வினாவுக்கு நம் விடை இதுதான்: படிக்கும்போது அது பிள்ளைக்கு உரியது, பார்க்கும்போது வீட்டார் அனைவருக்கும் உரியது. அரை நிமிடம் பிந்தினாலும் எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் ஆரவாரிப்போமாக.