விமன் அட் எஸ்.சி.எஸ்.

விமன் அட் எஸ்.சி.எஸ். என்பது ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்சுபர்க் நகரில் அமைந்துள்ள கார்னிகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் கணினியியல் பள்ளியில் 1999 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மாணவியர் வலையமைப்பு ஆகும். எஸ்.சி.எஸ். என்பது அப்பள்ளியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளாகும். இங்கு பள்ளி என்பது பல்கலைக்கழகத்தின் ஒரு புலத்தைக் குறிக்கும். சிறுவர் பயிலும் பள்ளியை அன்று. கணினியியல் துறையில் பெண்கள் நுழைவதும் நிலைத்திருப்பதும் குறித்த ஆய்வுகளில் இவ்வமைப்பு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் கணினியியலில் இளநிலைப் பட்டம் பெற்றோருள் பெண்களின் பங்கு 1984 அளவில் 37 விழுக்காட்டை எட்டி, அதன் பின் சரியத் தொடங்கியது. 1995 இல் கார்னிகி மெல்லனின் கணினியியல் இளநிலைப் படிப்பில் சேர்ந்த 95 பேரில் 7 பேர் மட்டுமே பெண்கள். சேர்ந்த பெண்களும் ஆண்களைவிடக் கூடுதலான விகிதத்தில் வேறு துறைகளுக்கு மாறிச் சென்றனர்.

இதன் காரணங்களைக் கண்டறிய, சமூக அறிவியலாளர் சேன் மார்கோலிசும் அப்பள்ளியின் இணைத் தலைவராக இருந்த ஆலன் பிசரும் 1995 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவ மாணவியரைப் பலமுறை நேர்கண்டனர். வீட்டில் கணினி பெரும்பாலும் மகனின் அறையிலேயே வைக்கப்பட்டிருந்தது என்பது அவர்கள் கண்ட செய்திகளுள் ஒன்று. பெண்கள் பலர் கணினியை அதற்காகவே விரும்புவதைவிட, மருத்துவம், கல்வி போன்ற துறைகளில் அது எதற்குப் பயன்படும் என்ற நோக்கில் அணுகினர். இரவும் பகலும் நிரல் எழுதுபவரே உண்மையான கணினியியலாளர் என்ற படிமம் வகுப்பறையை ஆண்டது. அதில் பொருந்தாதவர்கள் தம்மையே ஐயுற்றனர். ஆர்வம் குறைந்ததால் பெண்கள் விலகினர் என்றே பொதுவாக எண்ணப்பட்டது. ஆய்வு காட்டியதோ வேறு: முதலில் தன்னம்பிக்கை குலைந்தது, ஆர்வம் அதன் பின்னரே வற்றியது. இவ்வாய்வு 2002 இல் நூலாக வெளிவந்தது.

சேர்க்கை முறையில் மாற்றம்

முன்னரே நிரலாக்கம் கற்றிருப்பது படிப்பை வெற்றியுடன் முடிப்பதற்குத் தேவையானதன்று என்பதும் ஆய்வில் தெரியவந்தது. அப்போது பள்ளியின் தலைவராக இருந்தவர் ராஜ் ரெட்டி. இவர் சென்னை கிண்டி பொறியியற் கல்லூரியில் 1958 இல் பட்டம் பெற்றவர். 1994 இல் டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டவர். துறையின் வருங்காலத் தலைவர்களாகக் கூடியவர்களைத் தேர்ந்தெடுக்கும் வகையில் சேர்க்கை விதிகளை அமைக்குமாறு அவர் கேட்டுக்கொண்டார். முன் நிரலாக்க அனுபவத்துக்கு அளிக்கப்பட்ட முன்னுரிமை நீக்கப்பட்டது. கணிதம் முதலியவற்றில் எதிர்பார்க்கப்பட்ட உயர் தகுதி அப்படியே இருந்தது. அனுபவம் உள்ளவர்க்கும் அற்றவர்க்கும் தொடக்க நிலையில் வெவ்வேறு பாடங்கள் அமைக்கப்பட்டன. இதனுடன், கோடைக்காலப் பயிற்சிகள் மூலம் ஏறத்தாழ 240 உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு சி++ மொழியும் பாலினச் சமத்துவமும் கற்பிக்கப்பட்டன. 2000 இல் சேர்ந்த 130 பேரில் 54 பேர் பெண்கள். அதாவது 42 விழுக்காடு.

தோற்றமும் செயற்பாடுகளும்

மாணவியரைச் சேர்ப்பது ஒன்று, அவர்களை நிலைக்கச் செய்வது மற்றொன்று. 1999 இல் கார்னிகி மெல்லனுக்கு வந்த கணிதவியலாளர் லெனோர் புளும் இரண்டாவதில் கவனம் செலுத்தினார். அவருடைய ஊக்குவிப்பில், மாணவியரும் சில ஆசிரியர்களும் கொண்ட ஆலோசனைக் குழுவாக விமன் அட் எஸ்.சி.எஸ். உருவானது. கரோல் பிரீசு இதன் இயக்குநராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார்.

இவ்வமைப்பின் அடிப்படைக் கருத்து எளிமையானது. எந்தப் பேராசிரியரிடம் எந்தப் பாடத்தை எடுப்பது, கோடைக்காலப் பணிக்கு எவரை அணுகுவது, வீட்டுக்கணக்கில் எங்கே வழுக்கும் என்பன போன்ற செய்திகள் பாடநூலில் இல்லை. விடுதி அறையிலும் நள்ளிரவு ஆய்வுக்கூடத்திலும் மூத்தோர் இளையோர்க்குச் சொல்லிக் கடத்துவன அவை. பெரும்பான்மையினர் இவற்றைக் கேட்காமலேயே பெற்றுவிடுகின்றனர். தமக்கு அப்படி ஓர் உதவி கிடைக்கிறது என்பதையும் அவர்கள் அறிவதில்லை. எண்ணிக்கையில் சிலராக இருப்போர்க்கு அந்த வாய்ப்பு தானாக வாய்ப்பதில்லை. ஆகவே அதைத் திட்டமிட்டு அமைத்துத் தருவதே வலையமைப்பின் பணியாயிற்று. பொறியியற் கல்லூரி விடுதியில் இருந்தோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

புதிய மாணவிக்கு மூத்த மாணவி ஒருவரை இணைக்கும் அக்காள் தங்கை திட்டம், பாடத்தேர்வு ஆலோசனை, இரவு விருந்துகள், அழைப்புச் சொற்பொழிவுகள் ஆகியன நடத்தப்பட்டன. மாணவியரே பள்ளிகளுக்குச் சென்று கணினியியல் என்பது நிரலாக்கம் மட்டுமன்று என்று விளக்கிய பயண நிகழ்ச்சியும், நடுநிலைப் பள்ளிச் சிறுமியருக்கான மாலைநேரத் தொழில்நுட்ப வகுப்புகளும் பரவலாக அறியப்பட்டவை. நிகழ்ச்சிகளை வடிவமைத்து மேடையேறியவர்கள் மாணவியராகவே இருந்ததால், தலைமைப் பொறுப்பிலும் பெண்கள் கண்ணுக்குத் தெரிந்தனர். நிகழ்ச்சிகள் பலவற்றில் ஆண்களும் கலந்துகொண்டனர். பின்னர் அனைவருக்குமான எஸ்.சி.எஸ். 4 ஆல் என்ற துணை அமைப்பும் உருவாக்கப்பட்டது.

கருத்து வேறுபாடுகள்

பெண்களின் ஆர்வங்களுக்கு ஏற்பப் பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டுமா என்பது இத்துறையில் நெடுநாளாக நிலவும் வாதம். வேண்டியதில்லை என்பது புளும், பிரீசு ஆகியோரின் நிலைப்பாடு. எண்ணிக்கையில் சமநிலை நெருங்கிய பின் மாணவ மாணவியரை நேர்கண்டபோது, முன்னர் பாலின வேறுபாடுகளாகக் கருதப்பட்டவை பல மங்கியிருந்ததை அவர்கள் கண்டனர். வேறுபாடு பெண்மையில் இல்லை, சிறுபான்மையாக இருப்பதில்தான் இருந்தது என்பது அவர்கள் வாதம். கடும் போட்டியுள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் பட்டறிவு பிற இடங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வியும் எழுப்பப்படுகிறது. அங்கே தேர்ந்தெடுக்கத் தகுதியான விண்ணப்பங்கள் ஏராளம் என்பதால் இது புறந்தள்ளத்தக்க கேள்வி அன்று.

பிற்கால நிலை

2000 க்குப் பின் பெண்களின் விழுக்காடு சில ஆண்டுகள் குறைந்து, மீண்டும் ஏறியது. 2016 இல் சேர்ந்த முதலாண்டு மாணவருள் 48 விழுக்காட்டினர் பெண்கள். எனினும் மாணவியர் எண்ணிக்கை உயர்ந்தது ஆசிரியர்களின் நிலையை அப்படியே மாற்றிவிடவில்லை. 2018 இல் லெனோர் புளும், பல்கலைக்கழகத்தில் தாம் உருவாக்கிய தொழில்முனைவுத் திட்டத்தின் நிருவாகத்தில் தமக்குப் பாலினப் பாகுபாடு நேர்ந்ததாகக் கூறி, பதவி விலகுவதாக அறிவித்தார். அவருடைய கணவரும் கணினியியலாளருமான மானுவேல் புளுமும் உடன் விலகினார்.