கண்மாய்க்கு ஏன் ஓதம் இல்லை?

மார்கழிப் பௌர்ணமி. மேலூர்ப் பக்கம் கண்மாய்கள் பெருகிக் கிடக்கின்றன. இதே நிலாவுக்கு ராமேஸ்வரத்தில் கடல் ஏறி இறங்குகிறது. இங்கேயோ, மடைத்தூணில் தண்ணீர் தொட்ட கோடு இம்மியும் நகரவில்லை. கண்மாயை நிலா இழுக்கவில்லையா?

இழுக்கத்தான் செய்கிறது. ஆனால், இழுவை இடத்துக்கு இடம் கூடிக் குறைந்தால்தான் ஓதம் வரும். பூமியில் நிலாவைப் பார்த்த பக்கம், பூமியின் மையத்தைவிடச் சுமார் 6,400 கி.மீ. கிட்டத்தில் இருக்கிறது, அங்கே இழுவை அதிகம். மறுபக்கம் அதே அளவு எட்டத்தில், அங்கே குறைவு. அதனால் கடல் இருபுறமும் புடைக்கிறது. பூமி சுழலச் சுழல, சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை கரையில் தண்ணீர் ஏறுகிறது. அமாவாசை, பௌர்ணமியில் சூரியனும் ஒரே கோட்டில் சேர்வதால் ஏற்றம் கூடும். கரையின் அமைப்பும் முக்கியம்: ராமேஸ்வரத்தில் ஒரு மீட்டருக்குள் அடங்கும் ஓதம், புனல்போல் குறுகும் குஜராத்தின் காம்பாத் வளைகுடாவில் 10 மீட்டர்வரை எழும்பும்.

கண்மாயின் இக்கரைக்கும் அக்கரைக்கும் எவ்வளவு தூரம்? அந்த இடைவெளியில் இழுவை மாறுவதே தெரியாது.

சரி, பூமியும் நிலாவை இழுக்கிறதே, அது ஏன் விழவில்லை? விழுந்துகொண்டேதான் இருக்கிறது. கிணற்றில் நழுவவிட்ட கல் முதல் வினாடியில் 4.9 மீட்டர் இறங்கும். பூமியின் மையத்திலிருந்து நிலா நம்மைவிட 60 மடங்கு தொலைவில் இருப்பதால், அங்கே இழுவை 3,600 மடங்கு குறைவு. ஆகவே ஒரு வினாடியில் அது விழுவது 1.4 மில்லிமீட்டர்தான். அதற்குள் பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. இப்படி விழுவதும் ஓடுவதுமாகவே 27.3 நாளில் ஒரு சுற்று முடிகிறது.

கடலின் புடைப்பைச் சுழலும் பூமி சற்று முன்னே தள்ளிக்கொண்டு போகிறது. அந்தப் புடைப்பு நிலாவை முன்னோக்கி இழுக்க, நிலா ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிப் போகிறது. 1969-இல் அப்போலோ 11 விட்டுவந்த பிரதிபலிப்பான்மீது லேசர் பாய்ச்சி இதை அளக்கிறார்கள்.

இனி மடைத்தூணுக்கு வருவோம். நிலாவுக்குப் பாறையும் நெகிழும். மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி மலையும் தினம் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. சில நாள் ஏறத்தாழ ஓர் அடிகூட. கண்மாய், கரை, மடை, பார்த்துக்கொண்டு நிற்கும் நாம் என எல்லாம் சேர்ந்தே ஏறுவதால், தூணில் கோடு நகரவில்லை.