மணிமங்கலத்திலிருந்து நமது நிருபர்

வரலாற்றுப் பாடத்தில் சிலுவைப் போர்கள் படித்தோம். 1099-ல் ஜெருசலேமைப் பிடித்ததை ஐரோப்பியர் ஒரு மாதிரியும் அரபு நாட்டவர் வேற மாதிரியும் எழுதி வைத்திருக்கிறார்களாம். "அப்போ ஒரு டிவி நிருபர் இருந்தா எப்படிச் சொல்லியிருப்பார்? எழுதிட்டு வாங்க" என்றார் மிஸ்.

ஜெருசலேம் எனக்குத் தெரியாத ஊர். மணிமங்கலம் தெரியும். தாம்பரத்தில் பஸ் ஏறினால் முடிச்சூர் தாண்டி வரும். எங்க ஆயா வீடு அங்கேதான். அங்கேயும் பெரிய போர் நடந்திருக்கு, தெரியுமா?

செய்தி இதுதான். வாதாபியில் இருந்து (இப்போ கர்நாடகாவில் பாதாமி) சாளுக்கிய அரசன் இரண்டாம் புலிகேசி காஞ்சிபுரத்தைப் பிடிக்கப் படையோடு வந்தான். பல்லவ அரசர் நரசிம்மவர்மர் அவனைப் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் தோற்கடித்தார். (பாருங்க, நம்ம ராஜாவுக்கு மட்டும் 'ர்' போட்டுட்டேன். நிருபர் அப்படிச் செய்யக் கூடாது. இனிமேல் ரெண்டு பேருக்கும் 'ன்' தான்.) பிறகு 642-ல் பல்லவர் படை வாதாபிக்கே போய் அதைப் பிடித்தது.

இதை யார் சொன்னது? காஞ்சிபுரம் பக்கத்தில் கிடைத்த கூரம் செப்பேடு. நரசிம்மவர்மனின் பேரன் பரமேஸ்வரவர்மன் காலத்தது. தோற்று ஓடிய புலிகேசியின் முதுகில் நரசிம்மவர்மன் வெற்றி என்று எழுதினானாம்! ஜெயிச்ச வீட்டுக்காரங்க சொல்றது, அப்படித்தான் இருக்கும்.

எதிர்த் தரப்பையும் கேக்கணுமே. ஐஹொளே கல்வெட்டை 634-ல் ரவிகீர்த்தி என்ற புலவர் எழுதினார். அது இதுக்கு முந்தின சண்டை, நரசிம்மவர்மனின் அப்பா மகேந்திரவர்மன் காலம். புலிகேசி வந்ததும் பல்லவன் காஞ்சி மதிலுக்குள்ளே ஒளிஞ்சுக்கிட்டதா அதில் இருக்கு. அடுத்தவன் ஓடினதைத்தான் ரெண்டு பேரும் எழுதியிருக்காங்க. தான் ஓடினதை யாரும் எழுதலை. எங்க கிளாஸ் கபடி டீம் மாதிரியே!

போன ஞாயிற்றுக்கிழமை ஆயாகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். கீரை ஆய்ஞ்சுக்கிட்டே கேட்டுச்சு. அப்புறம், "யானையும் குதிரையும் வந்துச்சுன்னா நெல்லு என்னா ஆச்சு? ஊரு ஜனம் எங்கடி போச்சு?" என்றது.

எனக்கு அந்தக் கேள்வி தோணவே இல்லை. திரும்பத் தேடிப் பார்த்தேன். செப்பேட்டில் மணிமங்கலம்னு ஊர் பேரு மட்டும்தான் இருக்கு.

அதனால் என் செய்தியில் போர் நடந்த இடம், அரசர்கள், ஜெயித்தது யார் எல்லாம் எழுதிட்டேன். 'ஊர் மக்களின் நிலை' என்று போட்டு, அதுக்குக் கீழே நாலு வரி காலியா விட்டிருக்கேன்.

— 9-ஆம் வகுப்பு மாணவி